தப்பான ஆப்ஷனுக்கும் ஒரு நியாயம் வேணும்

வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம எல்லாருக்கும் அந்த மெயில் வரும். "உங்களது கட்டாயப் பயிற்சி நிலுவையில் உள்ளது. ஏழு நாட்களுக்குள் முடிக்கவும்." முதல் நாள் கண்டுக்கவே மாட்டோம். ஆறாவது நாள் டேமேஜரை சிசியில போட்டு இன்னொண்ணு வரும். ஏழாவது நாள் சாயங்காலம் ஒரு விண்டோவுல ஆணி புடுங்கிக்கிட்டே இன்னொரு விண்டோவுல நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்... பொட்டி தட்டுற மக்களுக்கு இதை நான் விளக்கணும்னு இல்லை.

அந்தக் கோர்ஸ்ல ராகுல்னு ஒருத்தன் இருப்பான், ப்ரியான்னு ஒருத்தி இருப்பா. ரெண்டு பேரும் நம்ம ஆபீஸ்ல யாரும் போடாத கோட்டு போட்டுக்கிட்டு, நம்ம ஆபீஸ்ல இல்லாத கண்ணாடி ரூம்ல சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. ராகுலுக்கு ஒரு சிக்கல். அவன் என்ன செய்யணும்? நாலு ஆப்ஷன். 'அ. கண்டுக்காமல் விட வேண்டும். ஆ. எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வேண்டும். இ. நிறுவனத்தின் கொள்கைப்படி உரிய குழுவிடம் உடனடியாக எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். ஈ. வேலையை விட்டுவிட வேண்டும்.' கேள்வியைப் படிக்கவே தேவையில்லை. எது நீளமா இருக்கோ அதைக் குத்து. நூத்துக்கு நூறு, சர்டிஃபிகேட், முடிஞ்சுது ஜோலி. இதுக்குப் பேரு 'சூழல் சார்ந்த மின்கற்றல்'. ப்ரஷர்ல அப்படித்தான் போட்டிருக்கும்.

இத்தனை வருஷம் இதைக் கிண்டலடிச்சிக்கிட்டு இருந்த எனக்கு ஆப்பு வேற ரூபத்துல வந்துச்சு. நான் இருக்கிற டீம் இந்த மாதிரி கோர்ஸ்களை ஓட்டுற சாஃப்ட்வேரைச் செய்யுற டீம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம்னு 2013-ல் வந்துச்சே, நம்ம எல்லாரும் 'போஷ்'னு சுருக்கமா சொல்றது, அதுக்கான பயிற்சியை ஒரு தொழிற்சாலை தமிழ்ல கேட்டிருந்தது. தொழிலாளிகள்ல பெரும்பாலும் பெண்கள். இங்கிலீஷ்ல ஸ்டோரிபோர்டு ரெடி. "உனக்குத் தான் தமிழ் நல்லா வருமே, ப்ளாக்கெல்லாம் எழுதுறியாமே"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. (யாரு போட்டுக் குடுத்ததுன்னு தெரியலை. ஏதோ உள்குத்து.)

நானும் சந்தோஷமாத் தான் செஞ்சேன். ப்ரியாவை கவிதா ஆக்கினேன். கண்ணாடி ரூமை தையல் லைன் ஆக்கினேன். க்ளையண்ட் டின்னரை ஆயுத பூஜை ஆக்கினேன். சூப்பர்வைசர் ராத்திரி பத்து மணிக்கு கவிதாவுக்கு வாட்ஸப்ல மெசேஜ் அனுப்புறாரு. கவிதா என்ன செய்யணும்? நாலு ஆப்ஷன். இ-யைக் குத்தினா பச்சை டிக், மத்ததைக் குத்தினா சிவப்புல 'தவறு, மீண்டும் முயற்சிக்கவும்'. பெருமையா இருந்துச்சு. ஊருக்குப் போறப்ப லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போனேன்.

எங்க ஊர் எறையூர், பெரம்பலூர் மாவட்டம். அரசாங்க சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்னு சொன்னா டக்குனு தெரியும். அரவை சீசன்ல கரும்பு வண்டி பின்னாடி ஓடி உருவித் தின்னு வளர்ந்த ஆளுங்க நாங்க. (கொசுவத்தி சுத்தினது போதும்.) 2022 நவம்பர்ல அங்க சிப்காட் தொழிற்பூங்கா வந்துச்சு, 2023 கடைசியில செருப்புத் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சுது. க்ராக்ஸ்னு ஓட்டை ஓட்டையா ஒரு செருப்பு இருக்கே, அது தான். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போன வீடுகள்லேர்ந்து இன்னைக்குப் பொண்ணுங்க அடையாள அட்டையை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்குதுங்க. பார்க்கவே நல்லா இருக்கு. அதனால தான் இந்த விஷயம் எனக்கு ஆபீஸ் ஆணியா மட்டும் தெரியலை.

கோர்ஸை நான் காட்டினது சித்தி பொண்ணு கிட்ட. அவ வேலை பார்க்குறது எங்க ஊர்ல இல்லை, முன்னாடியே சொல்லிடுறேன். சித்தியைக் கட்டிக் குடுத்தது வேற மாவட்டம், அவ அங்க ஒரு ஆலைக்குத் தினம் பஸ்ல போயிட்டு வரா. திருவிழாவுக்கு வந்திருந்தவளைப் பிடிச்சு உக்கார வச்சு லேப்டாப்பைக் குடுத்தேன். கவிதா கதையைப் பார்த்தா. மெசேஜ் வந்துச்சு. நாலு ஆப்ஷன் வந்துச்சு. இ-யைக் குத்தினா. பச்சை டிக். அப்புறம் சிரிச்சா.

"என்ன பாப்பா சிரிக்கிற?"

"இல்லண்ணே, பரிட்சைன்னா இதைத் தான் எழுதணும். தெரியும்."

"சரி, நெஜமா நடந்தா?"

"நெஜமா நடந்தா ஒண்ணும் செய்ய மாட்டோம். போனை சைலண்ட்ல போட்டுட்டுப் படுத்துக்குவோம்."

ஏன்னு கேட்டேன். அப்ப அவ சொன்னதை அப்படியே எழுதுறேன். "லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடுறது அந்த ஆளு. டார்கெட் முடியலன்னா எழுதி வைக்கிறது அந்த ஆளு. பஸ்ல எங்க ஊர்ப் பொண்ணுங்களே ஏழு பேரு வருது. நான் ஆபீஸ் ரூமுக்குள்ள போயிட்டு வெளிய வந்தேன்னு வை, நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சேதி போயிடும். அப்பா ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. நாளையிலேர்ந்து வேலைக்குப் போவாதன்னு ஒரே வார்த்தை. அம்மா குழுக்கடன் வாரா வாரம் யாரு கட்டுறது? அந்த ஆளுக்கு என்னாவும்? ஒண்ணும் ஆவாது. வேலை போறது எனக்கு."

அது அவ கதையா, வேற யாரோட கதையான்னு நான் கேட்கலை. அவளும் சொல்லலை.

நான் எழுதின நாலு ஆப்ஷன்ல 'அ. கண்டுக்காமல் விட வேண்டும்'னு எவ்வளவு அலட்சியமா எழுதியிருந்தேன்! அது முட்டாள்தனமான விடைன்னு நெனச்சு சும்மா எண்ணிக்கைக்குப் போட்டது. அவளைப் பொறுத்தவரை அது ஒண்ணு தான் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. சம்பளம், கடன், அப்பா, பஸ்ஸு எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு வந்த விடை. கோர்ஸ் அவளைப் பார்த்து 'தவறு, மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லுது. எதை மீண்டும் முயற்சிக்கிறது?

இன்னொரு குண்டும் போட்டா. "ஆமா, இதை யாரு அமுக்குறது? எங்களுக்கு ஹால்ல உக்கார வச்சு பெரிய திரையில போடுவாங்க. நாப்பது பேரு. முன்னாடி ஒரு சாரு நின்னு அவரே அமுக்கிக்குவாரு. நாங்க டீ எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்போம்." அவ்வ்வ்வ்! தலைக்குத் தலை ஒரு கம்ப்யூட்டர்னு நெனச்சு நான் செஞ்ச கிளிக்குகள் அத்தனையும் ஒரு சாரோட ஆள்காட்டி விரலுக்குப் போகுது.

சின்ன வயசுல விக்கிரமாதித்தன் கதை படிச்சிருப்பீங்க. முருங்கை மரம், முதுகுல வேதாளம், கடைசியில ஒரு கேள்வி. அதை ஏன் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கோம்? கதையில வர்ற மூணு பேர்கிட்டயும் நியாயம் இருக்கும். மூணுல ரெண்டு பேரு வடிகட்டின முட்டாள்னா அப்புறம் ராஜாவைக் கேட்க என்ன இருக்கு, வழியில போற யாரும் சொல்லிடுவாங்க. (சரியா பதில் சொன்னாலும் வேதாளம் திரும்ப மரத்துக்கே போயிடும். வருஷா வருஷம் அதே கோர்ஸ் வர்றதுக்கு இதை விட நல்ல உவமை எனக்குக் கெடைக்கலை.)

திரும்பி வந்து டீம்ல சண்டை போட்டேன். நான் சொன்னது இவ்வளவு தான். தப்பான ஆப்ஷனை எழுதுறது சட்டம் தெரிஞ்ச ஆள் வேலை இல்லை, அந்தத் தப்பைச் செஞ்ச ஆள்கிட்ட கேட்டு வாங்க வேண்டியது. இந்தத் துறையில கேத்தி மூர்னு ஒரு அம்மா ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கிறதும் கிட்டத்தட்ட இது தான். இவங்களுக்கு என்ன தெரியணும்னு ஆரம்பிக்காதே, இவங்க என்ன செய்யணும், ஏன் செய்யாம இருக்காங்கன்னு ஆரம்பி. நாங்க ஆரம்பிச்சது சட்டத்தோட முதல் பிரிவுலேர்ந்து.

மாத்தி எழுதினோம். கவிதா சும்மா இருந்தா சிவப்புப் பெருக்கல் குறி கெடையாது. அடுத்த ஸ்க்ரீன்ல 'மூணு வாரம் கழிச்சு'ன்னு வரும். மெசேஜ் நிக்கலை. இப்ப லீவு கேட்டா 'நேர்ல வந்து கேளு'ங்கிறாரு. அங்கேர்ந்து திரும்ப ஒரு முடிவு எடுக்கணும். தோழிகிட்ட சொன்னா ஒரு வழி. புகார் குடுத்தா உடனே கைதட்டல் இல்லை. லைன்ல ரெண்டு பேரு பேச்சை நிறுத்துறாங்க, அதையும் காட்டினோம். பொய் சொல்லி ஒருத்தியைத் தைரியசாலி ஆக்கி என்ன பிரயோஜனம்?

இதுல எனக்கே ஆச்சரியம் என்னன்னா, சித்தி பொண்ணு சொன்ன ஒவ்வொரு பயத்துக்கும் சட்டத்துல ஒரு வரி இருக்கு. ஊருக்குத் தெரிஞ்சிடுமோ? புகார் குடுத்தவங்க பேரையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாதுன்னு 16-வது பிரிவு சொல்லுது. எழுத வராதே? எழுத்துல குடுக்க முடியலைன்னா எழுத உதவி செய்ய வேண்டியது குழுவோட பொறுப்பு. அதே ஆள் கீழ தானே தினமும் நிக்கணும்? விசாரணை நடக்குறப்ப எழுதிக் கேட்டா, ரெண்டு பேர்ல ஒருத்தரை மாத்தச் சொல்லி, இல்லைன்னா அவளுக்கு மூணு மாசம் வரைக்கும் லீவு குடுக்கச் சொல்லி குழு பரிந்துரை செய்யலாம். நாளாயிடுச்சே? சம்பவம் நடந்து, தொடர்ந்து நடந்தா கடைசியா நடந்து, மூணு மாசம் வரைக்கும் குடுக்கலாம். காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கவும் வழி இருக்கு. விசாரணை 90 நாளுக்குள்ள முடியணும். பழைய ஸ்டோரிபோர்டுலயும் இதெல்லாம் இருந்துச்சு. எங்க? 23-வது ஸ்லைடுல, எட்டு புள்ளி வச்சு, பொடி எழுத்துல. இப்ப கவிதாவுக்குப் பயம் வர்ற இடத்துல, அந்தப் பயத்துக்கான வரி மட்டும் வரும்.

ஹால் பிரச்சினைக்கு டெக்னாலஜி எதுவும் உதவலை. முடிவு எடுக்க வேண்டிய இடத்துல திரை தானா நின்னுடும், பத்து நிமிஷம் நெக்ஸ்ட் பட்டனே வராது. அஞ்சஞ்சு பேராப் பேசட்டும். சூப்பர்வைசர்கள் ஹால்ல இருக்கக் கூடாது, நடத்துறது பெண்ணா இருக்கணும்னு நடத்துறவங்க குறிப்புல முதல் வரியா எழுதினோம். லைன்ல அதிகாரம் வச்சிருக்கிற ஆள் பின்னாடி நிக்கிறப்ப எந்தப் பொண்ணு 'சும்மா இருந்துடுவேன்'னு உண்மையைச் சொல்லும்?

எதிர்ப்பும் வந்துச்சு, நியாயமான எதிர்ப்பு. க்ளையண்ட் தரப்புல ஒரு அம்மா கேட்டாங்க: "சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு நல்ல காரணத்தை நீங்களே எடுத்துக் குடுத்தா, எல்லாரும் அதையே பிடிச்சுக்க மாட்டாங்களா?" ரெண்டு நாள் யோசிச்சேன். அந்தக் காரணத்தை நாம எடுத்துக் குடுக்கலை, அது ஏற்கெனவே அந்தப் பஸ்ல உக்காந்திருக்கு. நாம சொல்லலைன்னா கோர்ஸுக்குத் தான் அது தெரியாது, அவங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அவங்க சொன்னதுல பாதி சரி. காரணத்தைச் சொல்லிட்டு பதிலைச் சொல்லாம விட்டா அது பயிற்சி இல்லை, புலம்பல்.

இன்னொரு எதிர்ப்பு எங்க பக்கத்துலேர்ந்தே, டெக்னிக்கலா. கோர்ஸும் அதை ஓட்டுற சாஃப்ட்வேரும் பேசிக்கிறதுக்கு ஸ்கார்ம்னு ஒரு தரம் இருக்கு. 2001-ல் வந்த 1.2 பதிப்பு இன்னும் பல இடத்துல ஓடிக்கிட்டு இருக்கு, அந்த ஆலையிலயும் அது தான். பாதியில விட்டுட்டுப் போனவங்க எந்த வழியில வந்தாங்கன்னு ஞாபகம் வச்சுக்க அதுல 4096 எழுத்து தான் இடம். கிளைக்குக் கிளை கதை பிரிஞ்சா நெரிசல். நல்லாச் சுருக்கித் திணிச்சேன், அது தனிப் பதிவாப் போடுற அளவுக்குச் சோகக்கதை. அதுல கோர்ஸ் முடிஞ்சுதா, பாஸா, ஃபெயிலா, எவ்வளவு மார்க்குன்னு எழுத எடம் இருக்கு. மேலதிகாரிங்க பார்க்குறதும் அது தான். அந்த ஒரு வார்த்தையை ப்ரௌசர்லேர்ந்தே மாத்தி எழுதி கோர்ஸைத் தொறக்காமலே முடிக்கிற புண்ணியவான்கள் நம்ம நட்பு வட்டத்துலயே இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன் :)

சரி, கதை சொல்லிக் குடுத்தா மட்டும் எல்லாம் மாறிடுமா? ஃபிஷிங் மெயில் பயிற்சியைப் பத்தி 2025-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல சான் டியேகோ பல்கலைக்கழக மருத்துவமனையில 19,500-க்கும் மேல ஊழியர்கள், எட்டு மாசம், போலி மெயில் அனுப்பி அனுப்பிப் பார்த்திருக்காங்க. பயிற்சி குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் மாட்டிக்கிறதுல வித்தியாசம் சராசரியா 1.7 சதவீதம். பயிற்சிப் பக்கம் திறந்ததுமே மூடிட்டுப் போனவங்க ஏகப்பட்ட பேரு. கேள்வி பதிலா நடக்குற வடிவத்தைக் கடைசி வரைக்கும் முடிச்சவங்க மட்டும் அப்புறம் ஓரளவு குறைவா மாட்டினாங்க. ஆனா அதையும் நம்பி ஆடிட வேண்டாம், கடைசி வரைக்கும் முடிக்கிறவங்க இயல்பாவே கவனமான ஆளுங்களா இருக்கலாம்ல?

போஷ் விஷயத்துல இதை விடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. 2021 ஜனவரியில திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டாங்க, கைதானது அதே ஆலையோட சூப்பர்வைசர். சட்டம் வந்து அப்ப ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கப்புறம் 2022 ஏப்ரல்ல பெண்கள் தலைமையில நடக்குற தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒண்ணும், அந்த ஆலையை நடத்துற ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், துணி வாங்குற எச் அண்டு எம்மும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது தான் திண்டுக்கல் ஒப்பந்தம். அதுல எனக்குப் பிடிச்சது ஒரு விஷயம். லைன்ல வேலை பார்க்குற பொண்ணுங்களையே கண்காணிப்பாளர்களாப் போட்டு, எது துன்புறுத்தல்னு அடையாளம் காணவும், தடுக்கவும், மேல சொல்லவும் பயிற்சி குடுத்தாங்க. அதாவது ப்ரியா, ராகுலெல்லாம் வேணாம். பக்கத்து மெஷின்ல இருக்கிறவளுக்கு நிஜமாவே ஒரு வேலை, அதுக்குப் பின்னாடி ஒரு சங்கம். எங்க கோர்ஸ் அதுக்குப் பக்கத்துல நிக்கக் கூட முடியாது.

ஆனா ஒண்ணு செய்யலாம்னு தோணுச்சு. கடைசி ஸ்க்ரீன்ல 'உரிய குழுவிடம் தெரிவிக்கவும்'னு போடாம, அந்த ஆலையோட குழு உறுப்பினர்கள் பேரு, போட்டோ, போன் நம்பர் போடணும்னு கேட்டேன். பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்குற எல்லா இடத்துலயும் குழு இருந்தே ஆகணுமே, பேரு குடுக்க என்ன கஷ்டம்னு நெனச்சேன். மூணு வாரம் மெயில் போச்சு, மெயில் வந்துச்சு. கடைசியில லிஸ்ட் வந்துச்சு. அதுல ஒருத்தர் வேலையை விட்டே ரொம்ப நாளாச்சாம். வெளியிலேர்ந்து ஒரு உறுப்பினர் இருக்கணும், அவங்க நம்பரை அடிச்சா வேற யாரோ எடுக்குறாங்க. அந்த அம்மாவுக்கே தர்மசங்கடம். அப்புறம் குழுவைத் திரும்ப அமைச்சு, புது லிஸ்ட் அனுப்பி, போட்டோவும் வந்துச்சு. ஒருத்தர் கூட கோர்ஸ் பார்க்குறதுக்கு முன்னாடியே நடந்த நல்ல காரியம் இது தான். அதுக்கு நாங்க எழுதின கதை தேவைப்படலை, காலியா இருந்த ஒரு ஸ்க்ரீன் தேவைப்பட்டுச்சு.

புது வடிவத்தை சித்தி பொண்ணுக்கு போன்ல காட்டினேன். இந்தத் தடவை சிரிக்கலை, நிதானமாப் பார்த்தா. மெசேஜ் வந்த இடத்துல திரும்பவும் சும்மா இருக்கிறதைத் தான் எடுத்தா. மூணு வாரம் கழிச்சு வர்ற இடத்துல தோழிகிட்ட சொல்ற வழிக்குப் போனா. புகார் வரைக்கும் போகலை. கடைசி ஸ்க்ரீன்ல அந்த நாலு போட்டோவையும் பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தா.

"இவங்க நெஜமாவே இருக்காங்களாண்ணே?"

"இருக்காங்க. நானே போன் போட்டுப் பார்த்தேன்."

"எங்க கம்பெனில இப்படி யாரு இருக்கான்னு எங்களுக்குத் தெரியாதே."

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கணும், பாரு"ன்னு சொல்லி அனுப்பினேன். திங்கக்கிழமை போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்னா. அந்தத் திங்கக்கிழமை போய் ரெண்டு மாசம் ஆச்சு. நானும் கேட்கலை, கேட்கணும்.

மக்களே, உங்கள்ல இந்த மாதிரி கோர்ஸ் எழுதுறவங்க, ஆலைகள்ல ஹெச்ஆர்ல இருக்கிறவங்க, இல்லை ஹால்ல உக்காந்து டீக்குக் காத்திருந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா, உங்க ஆபீஸ் குழுவுல இருக்கிற ஒருத்தர் பேராவது உங்களுக்கு இப்பத் தெரியுமா? இன்ட்ராநெட்ல தேடாம சொல்லணும். போன வாரம் எங்க ஆபீஸ்ல என்னைக் கேட்டாங்க, நான் முழிச்சேன்.